சேத்துல சிக்குன ஜீப்பும் டேரியன் காடும்

ரெண்டு மாசமா இந்தப் பக்கம் ஆளையே காணோமேன்னு யாரும் தேடியிருக்க மாட்டீங்கன்னு தெரியும். இருந்தாலும் ஒரு மரியாதைக்குச் சொல்லிடறேன். ஆபீஸ்ல ஆணி அதிகம். ஒரு ரிலீஸ் முடிஞ்சு மூச்சு விடறதுக்குள்ள அடுத்த ரிலீஸ். நடுவுல மூணு நாள் லீவு சேர்ந்தாப்புல கிடைச்சப்ப ஒரு ஊர்சுத்தல் போனோம். அங்க பட்ட ஒரு அவமானத்துல இருந்துதான் இந்தப் பதிவு பொறந்துச்சு. இது வரலாற்றுப் பதிவுதான். ஆனா ஆரம்பத்துல கொஞ்சம் சுயபுராணம் இருக்கும், பொறுத்துக்கோங்க.

கொசுவத்தியைச் சுத்த விடுங்க. ஐப்பசி மாசம். வால்பாறைப் பக்கம் ஒரு எஸ்டேட் மண் ரோடு. முதல் நாள் ராத்திரி பூரா மழை. நாங்க அஞ்சு பேரு, அஞ்சு பேரோட மூட்டை முடிச்சு, அதுபோக ஒரு பெரிய பாத்திரத்துல பிரியாணி. வண்டி, நண்பனோட பெரியப்பா ஆசையா வெச்சிருந்த பழைய ஃபோர் வீல் டிரைவ் ஜீப்பு. ஓட்டினது யாருன்னு கேக்கறீங்களா? இஞ்சினியரிங் காலேஜ்ல ஆட்டோமொபைல் பேப்பரை விருப்பப் பாடமா எடுத்துப் படிச்ச அடியேன்தான்.

ஒரு வளைவுல பாதையே தெரியாம செக்கச் செவேல்னு சகதி. "எறங்கிப் பாக்கலாமாடா?"னு பின்னாடி இருந்து ஒருத்தன் கேட்டான். "ஃபோர் வீலு இருக்கு மச்சி, பயப்படாத"ன்னு சொன்னேன். இந்த வாசகத்தை எங்க பசங்க இன்னி வரைக்கும் எனக்குச் சொல்லிக் காட்டறாங்க. முன்சக்கரம் எறங்குச்சு, பின்சக்கரம் எறங்குச்சு, வண்டி நின்னுடுச்சு. நான் ஆக்சிலரேட்டரை மிதிச்சேன். சக்கரம் சுத்துது, சேறு பறக்குது, வண்டி முன்னாடி போகாம கீழ போகுது. இன்னும் மிதிச்சேன். இன்னும் கீழ போச்சு. கடைசியில வண்டியோட அடிவயிறு மண்ணுல உக்காந்து, நாலு சக்கரமும் பேருக்குத் தொங்கிக்கிட்டு இருந்துச்சு.

அப்ப மேல இருந்து ஒரு பெரியவர் வந்தாரு. தோள்ல ஒரு மம்பட்டி, தலையில பிளாஸ்டிக் சாக்கு. கூட ஒரு பையன். வண்டியை ஒரு சுத்து சுத்திப் பாத்துட்டு என்கிட்ட வந்து, "தம்பி, மொதல்ல மிதிக்கறத நிறுத்துங்க"ன்னாரு. அடுத்தது, "எல்லாரும் எறங்குங்க சாமி. உள்ள குந்திக்கிட்டே வண்டி மேல ஏறோணும்னா எப்படிங்க?"

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாச் சொல்றேன். மூட்டை, பிரியாணி, ஸ்டெப்னி எல்லாம் கீழ வந்துச்சு. ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னாடி சரிவா மண்ணை வெட்டினாரு. வண்டியோட வயித்துக்கு அடியில இருந்த சேத்தையும் வழிச்சாரு. ஜாக்கியை அப்படியே வெச்சா அதுவும் பொதையுமே, அதுக்கு ஒரு பலகைக் கல்லைத் தேடி அடியில போட்டு, சக்கரத்தைத் தூக்கி, கீழ கல்லும் சில்வர் ஓக் கிளையும் திணிச்சாரு. டயர்ல பாதிக் காத்தைப் பிடுங்கி விட்டாரு. என்னை ஏத்திவிட்டு, "லோ கியர் போட்டு கிளச்சை மெதுவா விடுங்க, மிதிக்காதீங்க"ன்னாரு. மத்த நாலு பேரும் அந்தப் பையனும் முன்னாடி கயிறு கட்டி இழுத்தாங்க. முக்கால் மணி நேரத்துல ஜீப்பு கெட்டித் தரையில நின்னுச்சு.

ரூமுக்கு வந்து குளிச்சுட்டுப் படுத்தாலும் தூக்கம் வரலை. ஃபோர் வீல் டிரைவ் வண்டின்னா சேத்துல போகத்தானே செஞ்சாங்க? அது ஏன் சிக்குது? இதைவிடக் கேவலமா எவனாச்சும் சிக்கியிருப்பானா? இந்தக் கடைசிக் கேள்விக்குப் பதில் தேடினப்பதான் டேரியன்ங்கற பேரு கண்ணுல பட்டுச்சு. அதுக்கப்புறம் ஒரு மாசம் ராத்திரியெல்லாம் அந்தக் காட்டுலதான் குடியிருந்தேன்.

டேரியன் எங்க இருக்கு?

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் ஒட்ட வெச்ச மாதிரி ஒரு ஒல்லி இடுப்பு இருக்கும் பாருங்க, அங்க பனாமாவும் கொலம்பியாவும் சந்திக்கற இடம். அலாஸ்காவோட வடகோடி ப்ருடோ பேயில இருந்து அர்ஜென்டினாவோட தென்கோடி உஷுவாயா வரைக்கும் பான் அமெரிக்கன் நெடுஞ்சாலை போகுது. சுமார் 30,000 கிலோமீட்டர். இந்த யோசனை 1920-கள்லயே வந்தது. அத்தனை நீளத்துல ஒரே ஒரு இடத்துலதான் ரோடு இல்லை. பனாமாவுல யாவிசாங்கற ஊரோட ரோடு முடிஞ்சுடும். மறுபடி கொலம்பியாவுலதான் ஆரம்பிக்கும். நடுவுல சுமார் 100 கிலோமீட்டர். பனாமா பக்கம் மலையும் மழைக்காடும், கொலம்பியா பக்கம் அட்ராட்டோ ஆத்தோட சதுப்பு நிலம். இதுக்குப் பேருதான் டேரியன் இடைவெளி.

1960-கள்ல இந்த இடைவெளி இன்னும் பெருசு. அப்ப பனாமாவுல ரோடு சேப்போங்கற ஊர்லயே முடிஞ்சுடும். அது யாவிசாவுக்கு 200 கிலோமீட்டருக்கு மேல முன்னாடி. வருஷத்துல ஜனவரியில இருந்து ஏப்ரல் வரைக்கும் ஓரளவு வெயில். மத்த மாசமெல்லாம் மழைதான். அதனால வண்டி கொண்டு போனவங்க பெரும்பாலும் வருஷ ஆரம்பத்துலதான் கிளம்பினாங்க.

கொஞ்சம் மெக்கானிசம்

கதைக்குள்ள போறதுக்கு முன்னாடி, ஃபோர் வீல் வண்டி ஏன் சேத்துல சிக்குதுன்னு பாத்துடலாம். ஆட்டோமொபைல் பேப்பர்ல நான் பாஸ் பண்ணினது உண்மைதான்னு நிரூபிக்க எனக்கும் ஒரு வாய்ப்பு வேணும்ல?

வண்டி திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் கொஞ்ச தூரம்தான் போகும், வெளிப்பக்கச் சக்கரம் அதிக தூரம் போகும். அதுக்காக ரெண்டுக்கும் நடுவுல டிஃபரன்ஷியல் வெச்சிருக்காங்க. ரெண்டு பக்கமும் வேற வேற வேகத்துல சுத்தலாம், ஆனா முறுக்கு விசை ரெண்டுக்கும் சமம். இந்தச் சமத்துவம்தான் சேத்துல வில்லன். ஒரு சக்கரம் வழுக்குதுன்னா அதைச் சுத்த ரொம்பக் கொஞ்ச விசையே போதும். அந்தக் கொஞ்ச விசைதான் கெட்டித் தரையில நிக்கற இன்னொரு சக்கரத்துக்கும் போய்ச் சேரும். அதை வெச்சு வண்டியை நகத்த முடியாது. சாதாரண ஃபோர் வீல் ஜீப்புல முன் அச்சும் பின் அச்சும் சேர்ந்து சுத்தும். ஆனா ஒவ்வொரு அச்சுக்கும் உள்ள இந்த டிஃபரன்ஷியல் இருக்கு. அதனால முன்னாடி ஒண்ணும் பின்னாடி ஒண்ணும் வழுக்கினாலே போதும், கதை முடிஞ்சுது. பேருதான் நாலு சக்கரம்.

அதுபோக, சுத்தச் சுத்த டயர் வரியெல்லாம் சேறு அடைச்சுக்கிட்டு டயரு மொழுமொழுன்னு ஆகிடும். இன்னும் சுத்தினா பள்ளம் தோண்டும். வண்டியோட வயிறு தரையில உக்காந்துட்டா எடை சக்கரத்து மேல இருக்காது, மண்ணு மேல இருக்கும். அப்புறம் எத்தனை குதிரைத் திறன் இருந்தும் புண்ணியமில்லை. வெளிய வர வழி நாலுதான். பாரத்தைக் குறை. காத்தைக் குறைச்சு டயரை அகலமாப் படிய விடு. அடியில கெட்டியா ஏதாச்சும் போடு. வெளிய இருந்து இழு. பெரியவர் செஞ்ச அத்தனையும் இந்த நாலுக்குள்ள அடங்கிடும். அவரு எந்த காலேஜ்லயும் விருப்பப் பாடம் எடுக்கலை.

1960: பாசமான கரப்பான்பூச்சி

பான் அமெரிக்கன் நெடுஞ்சாலைக்கு டேரியன்ல வழி கிடைக்குமான்னு பாக்க ஒரு குழு கிளம்புச்சு. ஒரு லேண்ட் ரோவர், ஒரு ஜீப். லேண்ட் ரோவருக்கு அவங்க ஸ்பானிஷ்ல வெச்ச பேரு 'லா குக்கராச்சா கரின்யோசா'. நம்ம மொழியில சொன்னா பாசமான கரப்பான்பூச்சி. குழுவுல பனாமாவைச் சேர்ந்த வரைபட நிபுணர் அமாடோ அராவ்ஸ், அவரோட மனைவி ரெய்னா டோரஸ் டி அராவ்ஸ், பிரிட்டன்காரர் ரிச்சர்ட் பெவிர், ஆஸ்திரேலியாக்காரர் டெரன்ஸ் விட்ஃபீல்ட். நேஷனல் ஜியாக்ரஃபிக்ல இருந்து கிப் ராஸும் சேர்ந்துக்கிட்டாரு. இதுல ரெய்னா ஒரு மானிடவியலாளர். பின்னாடி பனாமாவோட அருங்காட்சியகங்களை உருவாக்கினதுல முக்கியமானவங்க. அந்த நாட்டு மானிடவியல் அருங்காட்சியகத்துக்கே அவங்க பேருதான்.

1960 பிப்ரவரி 2-ம் தேதி சேப்போவுல கிளம்பினாங்க. ஜூன் 17-ம் தேதி கொலம்பியாவுல கிப்டோங்கற ஊரைப் போய்ச் சேர்ந்தாங்க. 136 நாள். அதுலயும் அட்ராட்டோ ஆத்துல ரொம்ப தூரம் படகுலதான் வண்டி போச்சு. சராசரி வேகம் மணிக்கு 201 மீட்டர்னு கணக்குச் சொல்றாங்க. கிலோமீட்டர் இல்லைங்க, மீட்டர். வழியில 180 ஆறு ஓடைங்க, அதுல 125-க்கு அங்கங்க கிடைச்ச பனை வகை மரங்களை வெட்டிப் போட்டுப் பாலம் கட்டினாங்க.

இந்த இடத்துல கொஞ்சம் நின்னு யோசிச்சேன். 136 நாள்ல 125 பாலம்னா கிட்டத்தட்ட தெனம் ஒரு பாலம். பாலம் கட்டணும்னா மரம் வெட்டணும், இழுத்துட்டு வரணும், கரையைச் சரிவா வெட்டணும். அதுக்கு முன்னாடி புதருக்குள்ள வழி வெட்டணும். இதையெல்லாம் லேண்ட் ரோவரா செஞ்சுச்சு? கொடுவாளோட முன்னாடி போனவங்க உள்ளூர் ஆளுங்க. அந்தக் காடு எம்பேரா, குனா மக்களோட வீடு. எந்த ஓடை எங்க ஆழம், எந்தச் சரிவு வழுக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும். படம் போட்டா மட்டும் வண்டி நடுவுல இருக்கும்.

அடுத்த வருஷமே இன்னொரு கூத்து. 1961-ல மூணு செவர்லே கார்வேர் கார்கள் சிகாகோவுல இருந்து கிளம்பி இதே காட்டுக்குள்ள போச்சு. அது ஃபோர் வீல் டிரைவ் கூட இல்லை. பின்னாடி இஞ்சின் வெச்ச சாதாரண குடும்பக் காரு. ரெண்டு காரு கொலம்பியா எல்லை வரைக்கும் போயிடுச்சு. ஒண்ணைக் காட்டுலயே விட்டுட்டாங்க. நாலு சக்கரமும் இழுக்காத காரே அவ்வளவு தூரம் போகுதுன்னா, போக வெச்சது என்ன? வண்டியா, அதைச் சுத்தி நின்ன ஆளுங்களா? இந்தக் கேள்வி மனசுல உக்காந்துக்கிச்சு. அடுத்த கதை அதுக்குப் பாதிப் பதில் சொல்லுச்சு.

1972: ராஜா வீட்டு வண்டி

1970-ல ரேஞ்ச் ரோவர் வெளிவந்துச்சு. 3.5 லிட்டர் வி8 இஞ்சின், நாலு சக்கரத்துக்கும் எப்பவுமே ஓட்டம், காயில் ஸ்பிரிங். அந்தக் காலத்துக்கு அது ராஜா வீட்டு வண்டி. ரெண்டு வண்டியை எடுத்துக்கிட்டு அலாஸ்காவுல இருந்து தென்கோடி வரைக்கும் போறதுன்னு பிரிட்டிஷ் ராணுவக் குழு ஒண்ணு கிளம்புச்சு. தலைவர் மேஜர் ஜான் பிளாஷ்ஃபோர்ட் ஸ்னெல், ராணுவத்தோட பொறியாளர் பிரிவைச் சேர்ந்தவர். 1968-ல நீல நைல் ஆத்துல படகுப் பயணத்தை நடத்தின ஆளு. சாதாரண ஆளு கிடையாது.

1971 டிசம்பர்ல அலாஸ்காவுல கிளம்பி, 1972 ஜனவரியில டேரியனுக்குள்ள நுழைஞ்சாங்க. வின்ச் இருக்கு, காத்தடிச்ச ரப்பர் தெப்பம் இருக்கு, பொதி சுமக்கக் குதிரை இருக்கு, வழி வெட்ட ராணுவப் பொறியாளருங்க இருக்காங்க, மேல சின்ன விமானம் பறக்குது. சேறுன்னு தெரிஞ்சே போறதால சதுப்புக்குன்னே பெரிய டயரும் மாட்டிக்கிட்டாங்க. கூரை மேலயும் உள்ளயும் சாமான்.

என்ன ஆச்சு தெரியுமா? பின் டிஃபரன்ஷியல் ஒண்ணு மாத்தி ஒண்ணா உடைய ஆரம்பிச்சுது. அந்தப் பெரிய டயரு சேத்துல வேகமாச் சுத்திக்கிட்டே இருக்கும்போது திடீர்னு ஒரு வேரோ கல்லோ பிடி குடுக்கும். கனமான சக்கரம் சடார்னு நிக்கும். அந்த அதிர்ச்சி முழுக்க நேரா டிஃபரன்ஷியல் பல்லுக்குப் போகும். மேல பாரம் வேற. இங்கிலாந்துல இருந்து லேண்ட் ரோவர் பொறியாளர் விமானம் ஏறி வந்து பாத்துத்தான் காரணத்தைக் கண்டுபிடிச்சாரு. அளவுக்கு மீறின டயரு, அளவுக்கு மீறின பாரம்.

மயிலிறகா இருந்தாலும் அளவு மீறி ஏத்தினா அச்சு முறியும்னு நம்ம பாட்டன் ஒருத்தர் குறளடியில சொல்லிட்டுப் போயிட்டாரு. பழைய காலத்து உப்பு வியாபாரிங்க வண்டிக்கு அடியில உபரியா ஒரு சேம அச்சைக் கட்டிக்கிட்டுத்தான் கிளம்புவாங்கன்னு சங்கப் பாட்டுலயே சேதி இருக்கு. ஆக இது ரொம்பப் பழைய பிரச்சினை. நாங்க சாஃப்ட்வேர்ல தெனமும் பாக்கறதும் இதுதான். சர்வரை ரெண்டு மடங்கு வேகமாக்கினா பிரச்சினை தீராது, பின்னாடி இருக்கற டேட்டாபேஸ் படுத்துக்கும். பலத்தை ஒரு இடத்துல ஏத்தினா, உடையற இடம் அடுத்த கண்ணிக்கு நகரும், அவ்வளவுதான்.

ராஜா வீட்டு வண்டி ரெண்டும் படுத்துக் கிடந்த நேரத்துல, வழி கண்டுபிடிக்க பழைய லேண்ட் ரோவர் ஒண்ணை வாங்கினாங்க. செகண்ட் ஹேண்ட். சின்னது, எளிமையானது, பாரம் ஏத்தாதது. அது முன்னாடி போக, உதிரி பாகம் வந்து சேர்ந்த ரேஞ்ச் ரோவர் ரெண்டும் பின்னாடி வந்துச்சு. காட்டையும் அட்ராட்டோ சதுப்பையும் தாண்டி வெளிய வர ஏப்ரல் ஆயிடுச்சு. சுமார் 100 நாள். சதுப்புல தெப்பத்து மேலதான் வண்டி போச்சு. ஜூன் மாசம் தென்கோடியைத் தொட்டுட்டாங்க. அது பெரிய சாதனைதான், நான் குறை சொல்ல வரலை. ஆனா அந்த 100 நாள்ல பெரும்பகுதி வண்டி ஓடின நேரம் இல்லை. மனுஷங்க வெட்டின நேரம், இழுத்த நேரம், தள்ளின நேரம், காத்திருந்த நேரம்.

நம்மூர்ல தேர் இழுக்கறதைப் பாத்திருப்பீங்க. சக்கரம் நாலும் இருக்கும், அச்சு இருக்கும், ஆனா தேரு தானா வராது. முன்னாடி வடம் பிடிக்க ஆயிரம் கை வேணும். பின்னாடி நெம்புகோல் போட ஆள் வேணும். திரும்பற இடத்துல முட்டுக்கட்டை போடத் தெரிஞ்ச கை வேணும். அந்த முட்டுக்கட்டைக்காரர்தான் உண்மையில தேரை ஓட்டறவரு. டேரியன்லயும் அதேதான் நடந்துச்சு.

30 நாளும் 741 நாளும்

இதுக்கு அப்புறம் வந்த ரெண்டு பயணத்தைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தா சுவாரசியமா இருக்கு.

முதலாவது, மார்க் ஸ்மித்ங்கற அமெரிக்கர். கலிஃபோர்னியா மலைப்பாதைகள்ல ஜீப் ஓட்டியே ஊறின மனுஷன். 1978-79-ல அஞ்சு ஜீப் சிஜே-7 வண்டிகளோட தென்கோடியில இருந்து வடக்க கிளம்பினாரு. டேரியனைத் தாண்ட அவங்க எடுத்துக்கிட்டது 30 நாள். ஏழு வருஷம் முன்னாடி ராணுவமே 100 நாள் திண்டாடின காடு. சின்ன வண்டி, ஒரே மாதிரி அஞ்சு வண்டி. ஒண்ணு சிக்கினா இன்னொண்ணு இழுக்கும். ஒரு வண்டியோட உதிரி பாகம் மத்த நாலுக்கும் பொருந்தும். ஓட்டினவங்களும் காலங்காலமா இதே வேலையைப் பண்ணினவங்க. எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் வித்தியாசம் இதுலதான் இருக்கு.

ரெண்டாவது கதைதான் என்னை ரொம்ப உலுக்கினது. இதுவரைக்கும் சொன்ன எல்லாரும் ஏதோ ஒரு இடத்துல தண்ணி மேல வண்டியை ஏத்திட்டுப் போனவங்க. ஒரு அடி கூடப் படகுல போகாம, முழுக்கத் தரை மேலயே போகணும்னு லோரன் அப்டன்ங்கற அமெரிக்கர் அடம் பிடிச்சாரு. கூட பாட்ரிசியா மெர்சியர். 1966 மாடல் ஜீப் சிஜே-5. 1985 பிப்ரவரி 22-ல யாவிசாவுல கிளம்பினாங்க. கொலம்பியாவுல ரியோசூசியோங்கற ஊரை அடைஞ்சது 1987 மார்ச் 4. மொத்தம் 201 கிலோமீட்டர். 741 நாள்.

வகுத்துப் பாத்தேன். ஒரு நாளைக்குச் சராசரியா 271 மீட்டர். எங்க தெருமுனை டீக்கடை வரைக்கும் போயிட்டு வந்தா அதைவிட அதிகம். நடுவுல ரெண்டு முழு மழைக்காலம் போயிருக்கு. அவங்க கையில இருந்தது வின்ச், கயிறு, கப்பி, மம்பட்டி, கொடுவாள், உள்ளூர்ல கூலிக்கு வந்த ஆளுங்க.

கப்பியைப் பத்தி ஒரு வார்த்தை. வண்டியில இருக்கற வின்ச் கயிறை நேரா மரத்துல கட்டாம, மரத்துல ஒரு கப்பியை மாட்டி, அது வழியாத் திருப்பி வண்டியிலயே கொண்டு வந்து கட்டினா, இழுவிசை கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகும். வேகம் பாதியாகும். கெணத்துல கவலை ஓட்டின தாத்தனுங்களுக்குக் கப்பியோட அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பலம் வேணும்னா வேகத்தைக் குடுத்துத்தான் வாங்கணும். வளைவுல மிதிச்சப்ப நான் ரெண்டையும் ஒண்ணாக் கேட்டேன். சேறு ரெண்டையும் தரலை.

கின்னஸ் புத்தகம் அந்தப் பயணத்தை முழுக்கத் தரை வழியா நடந்த முதல் டேரியன் கடப்புன்னு பதிஞ்சிருக்கு. ஆனா ஒரு நாளைக்கு 271 மீட்டர் வேகத்துல போற பொருளை வண்டின்னு சொல்லலாமா? அந்த ஜீப்பு அவங்க ரெண்டு பேரையும் காட்டைத் தாண்டிக் கொண்டு போகலை. அவங்கதான் ஜீப்பைத் தாண்டிக் கொண்டு போனாங்க. வெறும் கையோட நடந்திருந்தா சில நாள்ல முடிஞ்சிருக்கும். இது கேலி இல்லை. 741 நாளும் காலையில எழுந்து மறுபடி அதே கயிறைப் பிடிக்கற மன உறுதி எனக்கு ஏழு நாள் கூட வராது. நான் சொல்ல வர்றது ஒண்ணுதான். அந்த நாலு சக்கரத்துக்குப் பின்னாடி இருக்கற கைகளை விட்டுட்டு இந்த வரலாறை எழுதினா, அது பாதி வரலாறுதான்.

ரோடு போடலாமே?

இவ்வளவு கஷ்டத்துக்கு ஒரு ரோடு போட்டுத் தொலைச்சா என்னன்னு நீங்க கேக்கலாம். நானும் கேட்டேன். 1970-கள்ல அமெரிக்கா பணம் குடுக்க முன்வந்து வேலை தொடங்கற நிலைமைக்கு வந்துச்சு. கோமாரி நோய் தென் அமெரிக்க மாடுகள்ல இருந்து வடக்க பரவிடும்னு ஒரு பயம். காட்டுக்கு என்ன ஆகும்னு இன்னொரு கவலை. சியரா கிளப்ங்கற சூழல் அமைப்பு வழக்குப் போட, 1975-ல அமெரிக்க நீதிமன்றம் தடை விதிச்சுது. கோமாரிக்கு அப்படி ஒரு பலம் இருக்குன்னு மாடு வெச்சிருக்கற நம்ம ஊர்க்காரங்களுக்கு ஆச்சரியமா இருக்காது. 1980-ல பனாமா அந்தக் காட்டை தேசியப் பூங்கா ஆக்குச்சு, 1981-ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்துச்சு. அந்தக் காட்டுல இருக்கற மக்கள்லயும் ரோடு வேணாம்னு சொல்றவங்க இருக்காங்க. ரோடு வந்தா அது வழியா மரவெட்டி வருவான், நிலம் பறிக்கறவன் வருவான்னு அவங்களுக்குத் தெரியும்.

சரி, வண்டிங்க கதை முடிஞ்சுதுன்னு படிக்கறதை நிறுத்தப் போனப்பதான் இன்னொரு எண்ணு கண்ணுல பட்டுச்சு. 2023-ங்கற ஒரே வருஷத்துல அந்தக் காட்டை நடந்தே தாண்டினவங்க 5,20,000 பேருக்கு மேல. அதுல ஒரு லட்சத்துக்கும் மேல குழந்தைங்க. பெரும்பாலும் வெனிசுலாக்காரங்க. ஈக்வடார், ஹைட்டி, சீனான்னு பல நாட்டு ஆளுங்க, இந்தியர்களும் உண்டு. தெற்குல இருந்து அமெரிக்க எல்லைக்கு நடந்து போறவங்க. வேற வேற ஒத்தையடிப் பாதை, ஆனா அதே காடு, அதே சேறு, அதே ஆறு. ஆத்துல அடிச்சுட்டுப் போனவங்க உண்டு, வழிப்பறியில மாட்டினவங்க உண்டு, உயிரோட வெளிய வராதவங்க உண்டு. 2025-ல அந்த எண்ணிக்கை பல மடங்கு குறைஞ்சுடுச்சு. ஆனா நடந்தது நடந்ததுதான்.

இதைப் படிச்சப்புறம் அந்தப் பயணப் படங்களை முன்ன மாதிரி பாக்க முடியலை. வண்டியில தாண்டினவங்க சில டஜன் பேரு. அவங்க பேரெல்லாம் இருக்கு, வண்டிக்குக் கூடச் செல்லப் பேரு இருக்கு. இடுப்பளவு சேத்துல குழந்தையைத் தோள்ல வெச்சுக்கிட்டுப் போனவங்க லட்சக்கணக்குல இருக்காங்க. அவங்க கணக்கு வெறும் எண்ணா நிக்குது. சிக்கினா இழுக்க வின்ச் இல்லை. அங்கயும் கையைக் குடுத்து இழுத்தது பக்கத்துல நடந்த இன்னொரு மனுஷன்தான்.

மறுபடி வால்பாறை

ஜீப்பு கெட்டித் தரைக்கு வந்ததும் நாங்க கிளம்பற அவசரத்துல இருந்தோம். பிரியாணி வேற ஆறிப் போச்சு. பெரியவர் விடலை. மம்பட்டியை என் கையில குடுத்தாரு.

"குழிய மூடிட்டுப் போங்க தம்பி. நாளைக்குக் காலையில கொழுந்து லாரி இந்த வழிதான் வருமுங்க."

நான் தோண்டின பள்ளம் அது. மிதிச்சு மிதிச்சு ஆக்சிலரேட்டராலயே தோண்டினது. அடுத்து வர்ற வண்டி அதுல விழும்ங்கற நெனப்பே எனக்கு வரலை. திணிச்ச கிளையை எடுத்து ஓரமாப் போட்டு, கல்லை நிரவி, மண்ணைத் தள்ளி மிதிச்சுச் சமமாக்க இன்னொரு அரை மணி நேரம் ஆச்சு. பிரியாணியை ஏழு பேரும் அங்கயே உக்காந்து சாப்பிட்டோம். அந்தப் பையன் ரெண்டாவது தடவை வாங்கிக்கிட்டான்.

டேரியன்ல 1960-ல கட்டின 125 பாலமும் எப்பவோ மக்கி மழையோட போயிருக்கும். வெட்டின வழியைக் காடு மூடியிருக்கும். வால்பாறையில நான் மூடின குழி எத்தனை மழை தாங்குச்சுன்னு தெரியாது. மறுநாள் காலையில லாரி போச்சான்னு மட்டும் எஸ்டேட்ல இருக்கற நண்பனோட மாமாகிட்ட போன்ல கேட்டேன். "போச்சுப்பா, அதுக்கு என்ன?"ன்னாரு. ஒண்ணுமில்லைங்க மாமா, சும்மாதான் கேட்டேன்னு வெச்சுட்டேன்.

டிஸ்கி: சேத்துல சிக்கினா என்னை மாதிரி வீரம் காட்டாதீங்க. நிறுத்துங்க, எறங்குங்க, பாரத்தை எறக்குங்க, அப்புறம் யோசிங்க. முக்கியமா, கயிறோ கம்பியோ முறுக்கேறி நிக்கும்போது பக்கத்துல யாரும் நிக்காதீங்க, தாண்டவும் தாண்டாதீங்க. அறுந்தா சாட்டை மாதிரி வீசும். நடுவுல ஒரு கனமான சாக்கையோ ஜமுக்காளத்தையோ போட்டு வெச்சா வீச்சு குறையும். காத்து எறக்கின டயரை ரோடு வந்ததும் மறக்காம நிரப்புங்க. அப்புறம், குழியை மூடிட்டுப் போங்க.